தொப்பூர் இறக்கத்தில் பத்து ரூபாய்

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தெரியும், பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் தொப்பூர் இறக்கம். மூன்று வருடத்துக்கு முன் அங்கே வழக்கம்போல கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். பக்கத்தில் மாமா. அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, "மாப்ள, முதல்ல கியரைப் போடு" என்றார்.

"உருளட்டும் மாமா, பெட்ரோல் மிச்சம்தானே?"

"எவ்வளவு? பத்து ரூபா மிச்சமாகுமா?"

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், அந்தப் பத்து ரூபாய்கூட இல்லை. பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குள் பீய்ச்சும் இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும். பெட்ரோல் வரத்து அடியோடு நிற்கும். நியூட்ரலில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுவதால், அணையாமல் இருப்பதற்காகவே எஞ்சின் பெட்ரோல் குடிக்க வேண்டியிருக்கிறது. சின்ன காரின் எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். பத்து நிமிட இறக்கத்துக்குப் பத்து ரூபாய் நஷ்டம் என்றுதான் கணக்கு வருகிறது.

இன்ஜெக்ஷனுக்கு முந்தைய கார்புரேட்டர் காலத்தில் இதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்பா காலத்து வித்தை, நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். லேசான சரிவில் நியூட்ரலில் கூடுதல் தூரம் உருளும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொப்பூர் லேசான சரிவா? டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, எஞ்சின் இழுத்துப் பிடிக்காததால் பிரேக் சூடேறி, அதுவும் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளை நசுக்கிய லாரிகளைப் பற்றி எத்தனை முறை படித்திருக்கிறோம்.

சரி, அப்புறம் எதில்தான் மிச்சம்? மாமா அன்று சேலம் வரை என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். டெப்போவில் டிரைவருக்கு கேஎம்பிஎல் கணக்கு உண்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. அதிலேயே ஊறிய மனிதர். நான் பிரேக் போடும்போதெல்லாம் ஒரு 'ச்ச்'. தூரத்தில் லாரி மெதுவாகப் போவது தெரிகிறது, அது வரை ஏன் மிதிக்கிறாய் என்பதுதான் அவர் கேள்வி. பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகத்தைப் பிரேக் தட்டில் வெறும் சூடாக்கிவிட்டு, மறுபடியும் பெட்ரோலை எரிக்கிறோம். முன்கூட்டியே காலை எடுத்தால் இரண்டும் இல்லை. டயர் காற்று, ஏசி எல்லாம் கணக்கில் உண்டுதான். ஆனால் காலை மாற்றாமல் காற்றை மட்டும் பார்த்து என்ன பயன்?

அடுத்தது வேகம். 80-ல் போகிறவர் 110-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. தர்மபுரி–சேலம் தூரத்துக்கு அதில் மிச்சமாவது காகிதக் கணக்கில் கால் மணி நேரம்கூட இல்லை. அதையும் லாரிகளும் சுங்கச்சாவடியும் தின்றுவிடும்.

நான் மாறியபின் டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பி, கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 15 கொடுத்த அதே கார், அதே ரோட்டில் 18 கொடுத்தது. வேறு எந்த மந்திரமும் செய்யவில்லை. நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து எப்படி இரண்டேகால் கிலோ என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்தார். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்கிறதே ஐயா, அந்த எடைதான்.

வண்டி வாங்கும்போது "மைலேஜ் எவ்வளவு?" என்று ஷோரூமில் குடைந்தெடுக்கிறோம். வாங்கிய மறுநாளிலிருந்து சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம்.

நான் காலை எடுத்துவிட்டு உருண்டு போகும்போது பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், முறைத்துக்கொண்டே முந்துவார். முந்தட்டும். சுங்கச்சாவடி வரிசையில் அவருக்கு நேர் பின்னால்தான் போய் நிற்பேன்.