காரணம் சொல்லியிருந்தால் ஊசிக்கும் வந்திருப்பார்கள்

கொரோனா ஊசி போட்டுக்கொள்ளாதவர்களை முட்டாள்கள் என்று திட்டுவதை இனியாவது நிறுத்துவோம். போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு எழுந்து, பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார்கள். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. இந்த நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் நான் பழகும் தமிழ்க் குடும்பங்களில் அந்த ஊசிக்குத் தயங்கியவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்தும் அம்மை ஊசியும் தவறாமல் போட்டு வளர்த்தவர்கள்தான். ஊசி மேல் அவர்களுக்குப் பகை கிடையாது. போடச் சொன்னவர்களின் பேச்சை நம்ப முடியாமல் போனதுதான் விஷயம். அது ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போக்கடித்தார்கள்.

ஆரம்பத்தில் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் தொற்று 2020 மார்ச் 5 அன்று எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில்தான் தெரிய வந்தது. மார்ச் 27 முதல் முழு ஊரடங்கு. அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 10. வழக்கமாக அன்றைக்கு டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும். வைசூரி காலத்திலிருந்து நோய் நொடிக்கு நம் ஜனங்கள் ஓடிப்போய் விழுவது அவள் காலடியில்தான். ஒரு பெருநோய் ஊருக்குள் நுழையும்போது அவள் வாசலையே சாத்த வேண்டி வந்தது. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் யாரும் மீறவில்லை. வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்த மூன்றாம் நாள், ஏப்ரல் 13 ராத்திரி, அரசின் ஆலோசனைக் குழுத் தலைவர் பேராசிரியர் சலீம் அப்துல் கரீம் தொலைக்காட்சியில் வரைபடங்களோடு விளக்கம் கொடுத்தார். டர்பனில் பிறந்து வளர்ந்தவர், நம் ஊர்க்காரர். அலை வரத்தான் செய்யும், நாம் மட்டும் தப்பிவிட முடியாது, ஊரடங்கு நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறது, அதற்குள் ஆஸ்பத்திரிகளைத் தயார் செய்ய வேண்டும் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கெட்ட செய்திதான். ஆனாலும் மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தாத்தா, நோய் பரவும் கோடு எப்படி ஏறும் என்று கையை உயர்த்திக் காட்டி விளக்கினார். விவரம் கொடுத்தால் நம் ஜனங்களுக்குப் புரியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம்தான் கெட்டது. ஏப்ரல் 23 அன்று அதிபர் ராமபோசா மே மாதம் முதல் சிகரெட் விற்கலாம் என்று நாட்டுக்கே அறிவித்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அமைச்சர் ட்லாமினி-சூமா வந்து விற்கக் கூடாது என்றார். தடை ஆகஸ்ட் நடுவில்தான் நீங்கியது. அதற்குள் சிகரெட் பிளாக்கில் பல மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் புகை பிடிப்பவன் அல்ல, சிகரெட் ஒழிந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் அதிபர் சொன்னதை அமைச்சர் மாற்றும்போது மக்களிடம் ஒழுங்கான காரணம் சொல்ல வேண்டாமா? அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராது என்று 2020 டிசம்பரில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மே மாதம் துணிக்கடைகளுக்கு வந்த உத்தரவு இன்னும் விசித்திரம். குட்டைக் கை பின்னல் சட்டையை, மேலே கார்டிகன் போடுவதற்காக என்று சொல்லி வைத்தால் விற்கலாமாம். செருப்பு என்றால் விரல் மூடியதாக இருக்க வேண்டுமாம். இது எந்தக் கிருமியைத் தடுக்கும்? யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது 2020 ஜூலை 12 அறிவிப்பு. குறுகிய தூரம் ஓடும் டாக்ஸிகள் இருக்கை நிறைய ஆள் ஏற்றலாம் என்றார்கள். இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் மினிபஸ். அதே நாளில், உறவினர் வீட்டுக்குப் போவதற்கான தடை மட்டும் அப்படியே நின்றது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஃபீனிக்ஸில் இருக்கிறார். சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்கச் சட்டம் அவரை விடவில்லை. வேலைக்கு மட்டும் தினமும் முன்பின் தெரியாதவர்களோடு ஜன்னல் சாத்திய டாக்ஸியில் போய் வந்தார். அம்மா வீட்டுக் கதவுக்கு வெளியே குழம்புப் பாத்திரத்தை வைத்துவிட்டு, போனில் “வெச்சிட்டேன்மா, எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்குமே பயந்து பயந்துதான். டாக்ஸி சங்கங்களின் நெருக்கடிக்கு அரசு பணிந்தது என்று ஊருக்கே தெரியும். அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தால்கூட அக்காவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

‘எல்லாத் தடையுமே அராஜகம்’ என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாராயத் தடைக்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லவும் செய்தார்கள். குடித்துவிட்டு அடிதடி, கத்திக்குத்து, கார் விபத்து என்று வருகிறவர்கள் குறைந்தால் கட்டிலும் நர்ஸும் மிச்சமாகும். தடை இருந்த வார இறுதிகளில் விபத்துப் பிரிவுகள் காலியானதை அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளே வந்து சொன்னார்கள். மதுக்கடையை நம்பிப் பிழைத்தவர்களுக்குப் பெரிய அடிதான். ஆனால் ஏன் இந்த அடி என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இறுதிச் சடங்கில் 50 பேர் என்ற வரம்பும் அப்படியே. பெற்ற தகப்பனின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தங்களை வர வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தவர்கள் அழுதார்கள். அழுதுகொண்டே கடைப்பிடித்தார்கள்.

கேள்வி கேட்டவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதும் சேர்ந்ததுதான் இது. 2020 மே மாதம், மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் பேராசிரியர் கிளெண்டா கிரே, ஊரடங்கின் சில விதிகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே அவரை விசாரிக்கச் சொல்லிச் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் போனது. கடைசியில் அவர் மேல் தப்பில்லை என்று முடிந்தது. ஒன்பது மாதம் கழித்துச் சுகாதார ஊழியர்களுக்கு முதல் ஊசியைக் கொண்டுவந்த சிசோங்கே திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர்! ஊசிக்கு ஆதரவான மிக நம்பகமான குரல்களில் ஒன்றை, அது தேவைப்படும் முன்பே இவர்கள் அதட்டி வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஊசி வந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் சீரம் நிறுவனத்திலிருந்து பத்து லட்சம் அஸ்ட்ராசெனெகா ஊசிகள் வந்து இறங்கின. அதிபரே விமான நிலையத்துக்குப் போய் வரவேற்றார். பிப்ரவரி 7 அன்று அந்த ஊசி நிறுத்தப்பட்டது. இங்கே பரவிய பீட்டா வகைக் கிருமியால் வரும் லேசான, நடுத்தர நோயை அது சரியாகத் தடுக்கவில்லை என்று விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு காட்டியதுதான் காரணம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். கடும் நோயையும் சாவையும் தடுக்குமா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. ஆய்வை நடத்திய பேராசிரியர் ஷபீர் மாதியே, வயதானவர்களுக்காவது போடுங்கள் என்று வாதாடினார். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் மூன்று நாளில் அதே மாதிரிதான் சொன்னது. அரசோ அந்த ஊசிகளை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக மற்ற நாடுகளுக்கு விற்றுவிட்டது. 60 வயது தாண்டிய பொதுமக்களுக்கு ஊசி தொடங்கியது மே 17 அன்று. அடுத்த மாதமே டெல்டா வகைக் கிருமி வந்து அடித்தது.

மாதி சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. அஸ்ட்ராசெனெகாவுக்குப் பதிலாக அரசு எடுத்த ஜான்சன் & ஜான்சன் கம்பெனியின் ஊசி இங்கேயே, இந்த பீட்டா கிருமிக்கு எதிராகவே சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. என் சண்டை, பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் மக்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதோடுதான். சுகாதாரத் துறை ஒன்றும் விளம்பரத்துக்குச் செலவழிக்காமல் இல்லை. டிஜிட்டல் வைப்ஸ் என்ற கம்பெனிக்குப் பிரசார ஒப்பந்தம் வழியாகப் போன தொகை சுமார் 15 கோடி ராண்ட். அது முறைகேடு என்று சிறப்பு விசாரணைப் பிரிவு சொன்னது. சுகாதார அமைச்சர் ஸ்வேலி ம்கிசே குற்றச்சாட்டை மறுத்தார், 2021 ஆகஸ்டில் பதவி விலகினார். மக்களுக்கு விளக்கம் சொல்ல வைத்த காசு அது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. பதிவு செய்யலாம் வாருங்கள் என்று போனை எடுத்துக்கொண்டு போனபோது அவர் சொன்னது: “பிப்ரவரில வந்த மருந்து சரியில்லைன்னு நிறுத்தினாங்க. ஏப்ரல்ல இன்னொன்னை ரத்தம் கட்டுதுன்னு நிறுத்தினாங்க, ரெண்டு வாரத்துல நல்லதுதான்னாங்க. எதை நம்பிக் கை நீட்டுறது தம்பி?” பாமரத்தனம் என்று இதைத் தள்ள முடியுமா? செய்தியைக் கவனமாகக் கேட்டவர் கேட்கும் கேள்வி இது. ஏப்ரலில் நிறுத்திய அந்த ஜான்சன் ஊசியை அமெரிக்காவில் 68 லட்சம் பேருக்குப் போட்டதில் 6 பேருக்கு ரத்தக்கட்டு வந்தது, அதனால்தான் எச்சரிக்கையாக நிறுத்திப் பார்த்தார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

2021 ஜூலையில், முன்னாள் அதிபர் சூமாவைச் சிறையில் அடைத்ததையொட்டிக் கலவரம். 350-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டன, எங்கள் மாகாணத்தில் ஊசி மையங்கள் பல நாள் மூடிக் கிடந்தன. அதன் காயத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பெரியம்மாவை மாற்றியது ஆடி மாதம். கூழ் பூஜைக்குக் கொஞ்சம் பேரை மட்டும் அனுமதித்திருந்தார்கள். கோயில் கூடத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் தள்ளி உட்கார்ந்து அவருடைய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், ஊசி போட்டாலும் கொரோனா வரக்கூடும், ஆனால் ஆக்சிஜன் வரைக்கும் போகிற ஆபத்து நன்றாகக் குறையும் என்று தெளிவாகச் சொன்னார். தெரியாத இடத்தில் தெரியாது என்றார். அந்த வாரமே பெரியம்மா போய்ப் போட்டுக்கொண்டார். அரசின் மொத்தப் பிரசாரமும் செய்யாததை ஒரு கோரைப்பாயில் உட்கார்ந்து அவர் செய்துவிட்டார்.

2022 தொடக்கத்தில் சில பெரிய கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் ஊசியைக் கட்டாயமாக்கின. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கு நான் அதை ஏற்பேன். மற்ற இடங்களில் பிடிவாதத்தைத்தான் வளர்த்தது என்று நினைக்கிறேன்.

மறைத்தது இன்னும் உண்டு. ஜான்சன் ஊசியை குபேகா (பழைய போர்ட் எலிசபெத்) நகரின் ஆஸ்பென் ஆலையில் குப்பிகளில் அடைத்தார்கள். நம் மண்ணில் அடைத்த ஊசிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன என்பது 2021 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. எந்த விலைக்கு, எந்த நிபந்தனைக்கு நம் அரசு கையெழுத்துப் போட்டது என்பதை அறிய ஒரு தன்னார்வ அமைப்பு பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2023-இல் ஒப்பந்தங்கள் வெளிவந்தன. ஐரோப்பா 8.50 டாலர் கொடுத்த ஜான்சன் ஊசிக்கு நாம் கொடுத்தது 10 டாலர். கம்பெனிகள் நம் கழுத்தைப் பிடித்தன என்பது உண்மை. அதை அன்றே மக்களிடம் சொல்லியிருந்தால் மக்கள் அரசின் பக்கம் நின்றிருப்பார்கள். ஊசிக் காப்புரிமையைத் தளர்த்தச் சொல்லி இந்தியாவோடு சேர்ந்து 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக அமைப்பில் குரல் கொடுத்த நாடு இது. அந்தத் தைரியத்தைச் சொந்த ஜனங்களிடம் உண்மை பேசுவதில் காட்டவில்லை.

பழங்கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கொரோனாவில் இழந்த நம்பிக்கையின் கணக்கை இப்போது குழந்தைகள் கட்டுகிறார்கள். 2022 கடைசியிலிருந்து தட்டம்மை இந்த நாட்டில் பல மாகாணங்களில் பரவியது. என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அழைத்து வரும் ஓர் இளம் தாய், சின்னவனுக்குத் தட்டம்மை ஊசி போடுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள். அவளுடைய அம்மா இதைக் கேள்வியாகவே நினைத்திருக்க மாட்டார். போடு என்றேன், ஏன் என்றும் அரை மணி நேரம் சொன்னேன்.

அடுத்த நோய் வரும்போது நம் கோயில் கமிட்டிகளும் குடியிருப்போர் சங்கங்களும் முகக்கவசம், சாப்பாட்டுப் பொட்டலம் விநியோகிப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு தடைக்கும் அதே நாளில் எழுத்தில் காரணம் கேட்க வேண்டும், ஆலோசனைக் குழுவின் அறிக்கைகளை உடனுக்குடன் கேட்க வேண்டும், ஊசி ஒப்பந்தங்களைக் கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் தீபாவளிக்கு வந்து கையசைக்கும்போதே கேட்கலாம்.