தமிழ் நேசனுக்கு முன்பே

அண்ணே, 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன்தான் மலாயா, சிங்கப்பூர் வட்டாரத்தின் முதல் தமிழ்ப் பத்திரிகை என்று எழுதியிருக்கிறீர்கள்; பலரும் பகிர்கிறார்கள். அது சரியில்லை. சிங்கப்பூரில் மகதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1887 ஜூன் மாதமே வந்துவிட்டது. முப்பத்தேழு ஆண்டு முந்தியது.

சரிபார்ப்பது எளிது: சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலில் சிங்கை நேசன் என்று ரோமன் எழுத்தில் தேடுங்கள், தொடங்கிய ஆண்டு தெரியும்.

தமிழ் நேசன் மீது எனக்கும் பாசம்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, கறை படிந்த விரலால் வரி வரியாகத் தடவி அப்பா வாசித்த தாள் அது. 2019 வரை வந்தது. ஆனால் முதலாவது அது அல்ல. பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணே.