"அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்"

வயதான தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருத்துவரைத் தனியே அழைத்து "அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அன்பினால்தான் அப்படிக் கேட்கிறோம். ஆனாலும், அந்த அன்பு ஒரு மனிதரின் மாண்பைப் பறிக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

மருத்துவ அறவியலில் மாண்பு என்பதே பயனற்ற கருத்து என்று அமெரிக்க அறவியல் அறிஞர் ரூத் மேக்லின் 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். தனிமனிதரையும் அவரது முடிவெடுக்கும் உரிமையையும் மதிப்பதற்கு மேல் அதற்குத் தனிப்பொருள் இல்லை என்பது அவர் வாதம். இதை என்னால் ஏற்க இயலவில்லை. மறதிநோய் முற்றி, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் படுத்திருக்கும் முதியவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதற்காக அவரது உடை மாற்றும்போது திரையை இழுத்துவிடாமல் இருக்கலாமா? முடிவெடுக்கும் ஆற்றல் போன பிறகும் எஞ்சி நிற்கும் ஒன்றைத்தான் மாண்பு என்கிறோம்.

சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் இதை அழகாகக் கையாள்கிறது. 2008இல் நிறைவேறிய அச்சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும் வரை ஒருவருக்கு அத்திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அவர் எடுக்கும் முடிவு விவேகமற்றதாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் அவரைத் திறனற்றவராகக் கருதக்கூடாது. அவர் தாமே முடிவெடுக்க இயன்ற உதவிகள் அனைத்தையும் முதலில் செய்துபார்க்க வேண்டும். திறனை இழந்தவருக்காகப் பிறர் முடிவெடுக்கும்போதும், அவருடைய முந்தைய விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நடைமுறையில் நான் கண்டது வேறு. ஒரு வார்டில், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி மருத்துவர் ஸ்கேன் முடிவுகளை மகனிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மூதாட்டி இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னய்யா சொல்றாரு?" என்றார். "ஒன்னுமில்லம்மா, மருந்து மாத்துறாங்க" என்றார் மகன். அந்த அம்மாவின் அறிவு தெளிவாகத்தான் இருந்தது. தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

பிள்ளை என்ற உறவு மட்டுமே, திறனுள்ள பெற்றோரின் சிகிச்சையை முடிவுசெய்யும் அதிகாரத்தைத் தந்துவிடாது. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை அவரது பார்வையிலிருந்தும் அளக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2022 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம் அந்த அளவுகோலை மாற்றியதே தவிர, விளக்கம் பெற வேண்டியவர் நோயாளிதான் என்பதை மாற்றவில்லை.

நாம் திறன் இழந்தால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ (நீடித்த அதிகாரப் பத்திரம்) எழுதிவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன்வழி நியமிக்கப்பட்டவர்கூட உயிர்காக்கும் சிகிச்சை குறித்து முடிவெடுக்க இயலாது, அப்பொறுப்பு மருத்துவருடையது. மீளமுடியாத இறுதிக்கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று விரும்புவோர், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏஎம்டி எனும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவுப் பத்திரத்தில் தாமே கையெழுத்திட வேண்டும். 21 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் அதைச் செய்யலாம். சாட்சிகள் இருவரில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். பிள்ளைகள் பெற்றோருக்காக அதில் கையெழுத்திட முடியாது. ஆகவே, செயற்கைச் சுவாசம் வேண்டுமா, கடைசி நாள்களை வீட்டில் கழிக்க விருப்பமா என்றெல்லாம் பெற்றோரிடம் கேட்க வேண்டிய காலம், அவர்கள் நம்மோடு உட்கார்ந்து பேசக்கூடிய இந்தக் காலம்தான்.