எலியின் கண்ணில் வடிவது ரத்தம் இல்லை

"ஜோடி செத்த துக்கத்தில் வளர்ப்பு எலி ரத்தக் கண்ணீர் விடுகிறது, இனி அது பிழைக்காது" என்று ஒரு கிழட்டு எலியின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. துக்கம் உண்மைதான். ரத்தம் என்பதுதான் பொய்.

எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் என்றொரு சுரப்பி உண்டு. அதிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமிதான் அந்தச் சிவப்பு. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் காட்டுங்கள், இளஞ்சிவப்பாக ஒளிரும். ரத்தம் அப்படி ஒளிராது.

நல்ல எலி முன்னங்காலால் முகம் துடைத்து இதைத் தெரியாமல் பண்ணிவிடும். இரண்டு வயதைத் தாண்டியதற்குத் தன்னைச் சுத்தம் செய்யவே தெம்பிருக்காது. முன்பு நக்கிவிட்ட துணையும் இப்போது இல்லை. மனஅழுத்தத்திலும் சுரப்பு கூடும். அதற்காக அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. நாள் கணக்கில் வடிந்தாலோ, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ மைக்கோபிளாஸ்மா நுரையீரல் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மற்றபடி கூண்டின் மேல்தட்டுகளை இறக்கி, தீவனத்தை வெந்நீரில் குழைத்துக் கொடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருங்கள். புதுத் துணை வேண்டுமென்றால் ஒன்றுக்கு இரண்டு குட்டிகளாக வாங்குவது நல்லது, அவை தங்களுக்குள் குதித்து விளையாடும், கிழத்தைப் படுத்தாது. எடுத்த எடுப்பில் பழைய கூண்டுக்குள் விடாமல், இரு தரப்புக்கும் பழக்கமில்லாத இடத்தில் பழக்குங்கள்.