உப்புத் தண்ணீரில் முக்குகிற வண்டிக்கு ஒற்றை ஸ்க்ரூவா?

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணி. ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டனுக்கு மீன் பிடிக்கக் கிளம்புகிறோம். ஐஸ் பெட்டி, தூண்டில், எலுமிச்சை சாதம் எல்லாம் ஏற்றியாச்சு. கடைசியாகப் படகு ட்ரெய்லரின் விளக்கைப் பார்த்துவிடலாம் என்று மனைவியைப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

"ஏங்க, லெஃப்ட் போட்டா ரைட்டும் மங்கலா சிமிட்டுது. டெயில் லைட்டைப் போட்டுட்டு பிரேக்கை அமுக்கினா லெஃப்ட் சுத்தமா அணைஞ்சிடுது."

போச்சு. இந்த வருஷம் இது மூன்றாவது தடவை!

அரசாங்கச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், பக்கவாட்டில் முன்னே மஞ்சள், பின்னே சிவப்பு, நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை என்று அமெரிக்காவில் எல்லாம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலம் இருந்தால் பின்னால் நடுவில் மூன்று சிவப்பு விளக்கும் வேண்டும். நம்முடையது குறுகலான வண்டி, அந்தத் தொல்லை இல்லை. இருட்டில் எண்பது மைல் வேகத்தில் பின்னால் வருகிறவனுக்கு நாம் தெரிய வேண்டாமா? நியாயம்தான்.

ஆனால் இந்த ட்ரெய்லருக்கு ஒயர் போட்ட மகராசன் இருக்கிறானே! காரோடு சேர்க்கிற பிளக்கில் நாலே நாலு ஒயர். பழுப்பு டெயில் லைட்டுக்கு, மஞ்சள் இடது பக்க இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும், பச்சை அதேபோல வலது பக்கத்துக்கு, வெள்ளை எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி. அந்த வெள்ளை ஒயரை முன்பக்கமே ஒரு ஸ்க்ரூ போட்டு இரும்புச் சட்டத்தில் முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பின்னால் இருக்கும் விளக்குகளுக்கு எர்த் எப்படிக் கிடைக்கும்? விளக்கைப் பிடித்திருக்கும் போல்ட் வழியாகவாம். வாராவாரம் கடல் தண்ணீரில் முங்கி எழுகிற போல்ட்! துரு ஏறாமல் தங்கமாகவா மின்னும்?

எர்த் போய்விட்டால் கரண்ட் சும்மா இருக்காது. திரும்பும் வழி அடைபட்டதும், அதே பல்புக்குள் இருக்கும் டெயில் லைட் இழை வழியாகப் பின்வாங்கி, பழுப்பு ஒயரில் ஏறி, அந்தப் பக்கத்து விளக்குக்குப் போய்விடும். அதனால்தான் இடது போட்டால் வலது கண்ணடிக்கிறது. இது தெரியாமல் முதல் இரண்டு தடவையும் பல்பு, ஃபியூஸ், பிளக் என்று கண்டதையும் வாங்கி மாட்டினேன். கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

இந்தத் தடவை காரின் பாட்டரி நெகட்டிவிலிருந்து நீள ஒயர் ஒன்றை இழுத்து விளக்கின் போல்டில் வைத்தேன். பளிச்! கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்தே நிமிடம். இதற்காகவா ஆறு மாதம் அழுதேன்?

அப்புறம் என்ன, மீனும் இல்லை, கடலும் இல்லை. எர்த்துக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை விளக்கு விளக்காகத் தனித்தனியே பிளக் வரைக்கும் இழுத்து, இணைப்புக்கெல்லாம் பசை உள்ள சுருக்குக் குழாய் போட்டுச் சூடு காட்டி முடிக்கச் சாயங்காலம் ஐந்து மணி. ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தை இனிமேல் நம்புவதாக இல்லை.

படகை இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள் என்று படகு இறக்கும் சரிவில் ஒரு பெரியவர் முன்பே சொன்னார். சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடுமாம். கேட்டேனா? இரண்டு பல்பு அதிலும் போனது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒற்றை ஸ்க்ரூ என் தப்பு இல்லை!

எலுமிச்சை சாதத்தைக் கராஜிலேயே உட்கார்ந்து தின்றோம்.