ராமானுஜன் சிறுகோள்: ஏற்காடு இல்லை, காவலூர்

மேலே நண்பர் எழுதியது: ராமானுஜன் பெயரில் ஒரு சிறுகோள் உண்டு, அதைக் கண்டுபிடித்தது நம்ம ஏற்காட்டில், அடுத்த மாதம் அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

முதல் விஷயம் மட்டும் சரி. 4130 என்ற எண்ணுள்ள அந்தச் சிறுகோளை 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார். இடம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைனு பாப்பு வானாய்வகம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் ஜவ்வாதும் கிழக்குத் தொடர்ச்சியில் வருவதால் குழம்பியிருக்கலாம். சேலத்துக்காரனாக எனக்கும் வருத்தம்தான்!

அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலேயே சுற்றுகிறது, நம் பக்கம் வராது. அங்கே சுற்றும் சிறுகோள் கூட்டத்தில் வெஸ்டா என்ற ஒன்று மட்டும் எப்போதாவது நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தட்டுப்படும். லேடீஸ் சீட்டிலோ பனி விலகினால் கீழே சேலத்து விளக்குகள்தான் மின்னும். அந்த வெளிச்சத்தில் வெஸ்டாவே சந்தேகம்.

அப்புறம், "காசு கட்டினால் உங்கள் பெயரையும் வைக்கலாம்" என்று ஒருவர் போட்டிருக்கிறார். ஏமாறாதீர்கள். பாதை உறுதியாகி எண் கிடைத்த பிறகு, கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழிவார். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். விற்பனைக்கு இல்லை.