பெல்ட்டுக்கு ஆயுசு கெட்டி

(கோத்தகிரியில் ஒரு கத்திப் பட்டறை. மோட்டாரில் சுற்றும், மணல் ஒட்டிய பெல்ட்டில்தான் கத்தி தீட்டுகிறார்கள். மாமா முதலாளி. மருமகன் வேலைக்காரன், சம்பளம் பேச்சளவில்.)

மருமகன்: மாமா, இந்த 60 நம்பர் பெல்ட்டை மாற்றிவிடலாம்.

மாமா: ஏன், அறுந்துபோச்சா?

மருமகன்: அறுகிறவரை காத்திருந்தால் என் மூக்கையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

மாமா: சுற்றுகிறதல்லவா? சுற்றுகிறவரை அது பெல்ட்.

மருமகன்: மின்விசிறியும்தான் சுற்றுகிறது, அதில் கத்தி தீட்டுவோமா? பொறியைப் பாருங்கள். புதிதில் தொட்டாலே கொட்டியது. இப்போது முழு உடம்பையும் சாய்த்தால்தான் நாலு பொறி வருகிறது.

மாமா: வயசுப் பையன்தானே, அழுத்து.

மருமகன்: மணலின் முனை மழுங்கிவிட்டது மாமா. அழுத்தினால் இரும்பை வெட்டாது, உரசிச் சூடேற்றும்.

மாமா: ரப்பர் கட்டியால் துடைத்துப் பார்.

மருமகன்: மரப்பிடி தேய்த்து அடைத்துக்கொண்ட தூளை ரப்பர் எடுக்கும். மழுங்கின மணலுக்கு அது என்ன செய்யும்?

மாமா: அட, 60 தேய்ந்தால் பொடி மணல் 120 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளேன். ஒரு விலையில் இரண்டு பெல்ட்!

மருமகன்: தேய்ந்த 60, தேய்ந்த 60தான். பீரோவில் புதுசு ஒரு கட்டு இருக்கிறதே?

மாமா: அது ஆயுத பூஜைக்கு.

மருமகன்: இந்த ஊர் ஈரத்தில் அதற்குள் சுருண்டு, ஒட்டு விட்டுப்போகும். பிறகு பொட்டு வைக்கத்தான் ஆகும்.

மாமா: (கத்தியை எடுத்து) அதென்ன, வாயோரம் நீலமாக? பார்க்க நன்றாக இருக்கிறதே!

மருமகன்: லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த கவாத்துக் கத்தி. சூடு 300 டிகிரி வாக்கில் ஏறினால்தான் அந்த நிறம் வரும். நேற்று 200-ல் வைத்து ஏற்றிய பதம் அந்த இடத்தில் போச்சு.

மாமா: தண்ணீரில் முக்கி முக்கித் தீட்ட வேண்டியதுதானே?

மருமகன்: முக்கத்தான் செய்தேன். வாய் மெல்லிசு. வாளிக்குக் கொண்டுபோவதற்குள் நிறம் மாறிவிட்டது. மிச்சம் பிடித்தது ஒரு பெல்ட், போனது ஒரு கத்தி, என் அரை நாள்.

மாமா: உன் அரை நாளுக்கு என்ன செலவு?

மருமகன்: அதுவும் சரிதான்.

மாமா: நீலத்தை டிசைன் என்று சொல்லி எஸ்டேட் மேஸ்திரிக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிடலாம்.

மருமகன்: தேயிலைத் தண்டு நாலு வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிடும். மனுஷன் அந்தக் கத்தியோடுதான் இங்கே வருவார்.

மாமா: வரட்டுமே. அதுதான் வெட்டாதே!